தோளை எந்தப் பக்கம் தள்ளுவது

சித்தூரில் பிசியோதெரபி என்றால் ‘கரண்ட் வைப்பது’ என்று அர்த்தம். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் பிழைத்தேன். வருகிறவர்கள் மெஷினைத்தான் நம்புவார்கள். வெறும் கையால் ஒரு மூட்டைப் பிடித்தால், “மெஷின் ரிப்பேரா மேடம்?” என்று கேட்பார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மெஷின் பட்டையைத் தோலில் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம்.

அந்த வசதியைக் கெடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர் அக்கா. எட்டு மாதமாக வலது தோள் இறுகிப்போய், கை தோள் உயரத்துக்குக்கூட வராது. தலை வாரிக்கொள்ள முடியாது. ஓடுகிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் மெடிக்கல் செக்கப். அன்றைக்குக் கை தூக்காவிட்டால் கண்டக்டர் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வேலையை வைத்துத்தான் வீடே ஓடுகிறது.

“இன்னா டாக்டரம்மா, ஆறு மாசமா கரண்ட் வெச்சிக்கினு கீறோம். உங்க கரண்ட் பில்லுதான் ஏறுது, என் கை ஏற மாட்டேங்குதே” என்றார் ஒருநாள். சிரித்துத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே திருப்பதியில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மெஷின் இல்லாமல், மூட்டைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் மேனுவல் தெரபி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். “சர்ச் ஆராதனைய விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?” என்றார் என் வீட்டுக்காரர். “பாஸ்டராட்டம் கை வெச்சு சொகமாக்கக் கத்துக்கினு வரேன்” என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வகுப்பில் முப்பது பேர். எல்லாம் நேற்று காலேஜை விட்டு வந்த பிள்ளைகள். சொல்லித் தருகிறவரே என்னைவிடப் பத்து வயது இளையவர், திருப்பதிக்காரர், பேசுவதெல்லாம் தெலுங்கு. முதல் நாளே அவரோடு எனக்கு முட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். கையை வெளிப்பக்கம் திருப்ப முடிந்தால்தான் அது தலைக்கு மேலே போகும். திரும்பாமல் இறுகிய தோளில், எலும்பின் உருண்டையை முன்பக்கமாகத் தள்ள வேண்டும் என்பது நான் காலேஜில் உருப்போட்ட விதி. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதி. இவரோ, இந்த மாதிரித் தோளைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள் என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “புஸ்தகம் காது மேடம், சேதிதோ சூடண்டி” என்றார். புத்தகத்தை விடுங்கள், கையால் பாருங்கள் என்கிறார். எனக்கே கையைப் பற்றிப் பாடமா என்று பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று ஞாயிறும் மற்றதையெல்லாம் ஒழுங்காகக் கற்றேன். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. சித்தூருக்குத் திரும்பி வந்து, அக்காவின் தோளை என் விதிப்படி முன்பக்கமே தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவால்ல டாக்டரம்மா, பண்ணுங்க” என்பார். கை இம்மியும் நகரவில்லை. ஆறு வாரத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் என் வீம்புக்கே போனது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

கடைசி ஞாயிறு அவரவர் பேஷண்டை அழைத்துவரச் சொன்னார்கள். நான் அக்காவைக் கூட்டிப்போனேன். குணமாக்க மட்டுமல்ல, முப்பது பேர் எதிரில் அந்த வாத்தியாரைப் பொய்யாக்கிக் காட்டவும்தான்.

என் முறை வந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அளந்தாள். கை வெளிப்பக்கம் திரும்பியது பத்து டிகிரி. நான் முன்பக்கமாகத் தள்ளினேன். மூன்று சுற்று. வியர்த்துக் கொட்டியது. அவள் மறுபடி அளந்தாள். அதே பத்து.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க மேல தப்பில்ல டாக்டரம்மா. என் கட்டை அப்படி” என்றார்.

அதுதான் என்னை உடைத்தது. தப்பு முழுக்க என்னுடையது, பாவம், அவர் தன் உடம்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார். வாத்தியாரைப் பார்த்து, “சார், எப்படின்னு காட்டுங்க” என்றேன். அவர் கிட்டே வரவில்லை. “உங்க கை, உங்க பேஷண்ட் மேடம். வெனக்கி” என்றார். பின்னாலே, என்று அர்த்தம்.

உள்ளங்கையை அக்காவின் தோளின் முன்பக்கம் வைத்து, மெதுவாகப் பின்னால் அழுத்தினேன். அப்போதுதான் தெரிந்தது. முன்னால் அல்ல, பின்னால்தான் எல்லாம் இறுகிக் கிடந்தது. இத்தனை நாள் என் கைக்குக் கீழேயே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அழுத்தினேன், பொறுத்தேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன். மழைக்காலத்தில் மாட்டிக்கொண்ட மேஜை டிராயர் போலக் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது.

அந்தப் பெண் அளந்தாள். அளந்ததை நம்பாமல் இன்னொரு தரம் அளந்தாள். “முப்பத்தஞ்சு மேடம்!”

“ஐயோ, போவுதே! போய்க்கினே கீதே!” என்று அக்கா கத்தினார். அவரைவிடச் சத்தமாக நான் கத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தனை பேர் எதிரில் தோற்றுப்போனேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை. வாத்தியாரிடம் போய், “நீங்க சொன்னதுதான் சரி சார்” என்றேன். தோற்றது கொஞ்சமும் வலிக்கவில்லை.

மிச்சமிருந்த இரண்டு வாரமும் அக்கா தினம் வந்தார். மெஷின் பக்கம் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை ஒரு வேளைகூட விடவில்லை. கை தோளைத் தாண்டியது, பிறகு காதைத் தாண்டியது.

செக்கப் அன்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது. “அக்கா, இன்னா ஆச்சு, சொல்லுங்க” என்று அதட்டினேன்.

“பாஸ் டாக்டரம்மா! செக்கப் டாக்டரு சிரிச்சிக்கினே கையெழுத்துப் போட்டாரு” என்றார் அழுதுகொண்டே. “ரெண்டு கையும் தூக்குன்னாரு, தூக்குனேன். போதும்மா, எறக்குன்னாரு. நான் எறக்கல. ஒம்போது மாசங்கழிச்சு மேல வந்த கை சார், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”