கடற்காற்று வரும் நேரம்

சிதம்பரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை. இங்கே குடிவந்து நான்கு வருடங்கள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. மூன்று மணியானால் என் கை தானாக எழுந்துபோய்க் கிழக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடும். என் மனைவி வளர்மதி பின்னாலேயே வந்து திறப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா அவளை வாசலில் நிறுத்தி, "ஏம்மா, நாங்க கருவாடு வறுக்கறது ஒங்க வூட்டுக்காரருக்குப் புடிக்கலயா? தெனம் அந்த நேரத்துக்கு டமால்னு சாத்துறாரே" என்று கேட்டுவிட்டார். நானே போய் விளக்கினேன். "அது இல்லீங்க. எங்க ஊர்ல மூணு மணிக்குக் கடல்காத்து வரும். அதான் சாத்திப் பழக்கம்." அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடல்காத்து வந்தா தொறக்கத்தானே செய்வாங்க?" அன்றோடு அவர்கள் வீட்டில் கருவாடு வறுப்பது நின்றுபோனது. கருவாட்டு வாசனைக்கே இரண்டு கவளம் அதிகம் சாப்பிடும் என்னை அவர் சைவம் என்று முடிவுகட்டிவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கடலூர் முழுக்க வெயிலில் வெந்துகொண்டு மூன்று மணிக் காற்றுக்காகத்தான் காத்துக் கிடக்கும். எங்கள் ஊர் கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலைக்கு மேற்கே இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே தொழிற்சாலைகள், அதற்கும் கிழக்கே உப்பனாறு, அப்புறம் கடல். ஆக, ஊரெல்லாம் கும்பிட்டு வரவேற்கும் அதே காற்று எங்களுக்குப் புகைபோக்கிகளைத் தடவிக்கொண்டுதான் வந்து சேரும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தக் கம்பெனிகள் வந்தன. ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் அழுகிய பூவன் வாழைப்பழம், ஒருநாள் பெயர் வைக்க முடியாத ஒன்று என்று வீசும். சில வருடங்களில் எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது. கண் எரியும் என்பதால் ஜன்னலை மட்டும் சாத்துவோம். விளக்கு வைக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். நானும் என் அண்ணன் கலிவரதனும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, போகிற பஸ்களை வேடிக்கை பார்ப்போம். மூக்கைப் பொத்திக்கொண்டோ, ஷட்டரை இறக்கிக்கொண்டோ யாராவது போனால், "வெளியூரு டோய்!" என்று கத்துவோம். மூக்கில் கை வைக்காதவன் எங்கள் ஆள். நாங்கள் ஆள் பிரித்த விதம் அது.

அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் மஸ்கட்டில் பத்து வருடம் பிழைத்தேன். ஏசி மெக்கானிக் வேலை. ஒருமுறை மீன் வைக்கும் குளிர்கிடங்கில் அம்மோனியா கேஸ் லேசாகக் கசிந்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் மட்டும் ஸ்பேனரைப் பிடித்தபடி உள்ளேயே நின்றிருக்கிறேன். ஃபோர்மேன் என்னை இழுத்து வந்து, "உனக்கு மூக்கு இல்லையா?" என்று இந்தியில் கத்தினார். "எங்க ஊர்ல சாயங்காலம் இப்படித்தான் இருக்கும்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பரிதாபப்பட்டார். எனக்கு அது அப்போது புரியவில்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நான் மஸ்கட்டில்தான் இருந்தேன். இரண்டு நாள் எந்தப் போனும் கிடைக்கவில்லை. அண்ணன் குரலைக் கேட்ட பிறகுதான் தண்ணீரே குடித்தேன். வெந்தாலும் செத்தாலும் இனி ஊரில்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே என் பங்கு மனையில் வீடு எழும்பியது. கிழக்கே மூன்று பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னேன். போனில் அண்ணன் அதட்டினார். "கெழக்கால ஜன்னல் எதுக்குடா? நம்மூர்ல இப்ப எவன் வெக்கிறான்?"

"கடல்காத்து வேணும்ண்ணா. இங்க பத்து வருசமா மிசின் காத்து."

"மஸ்கட்ல உக்காந்துகிட்டு காத்து கேக்குறான் பாரு" என்று மேஸ்திரியிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வெளிநாட்டில் இருந்தபடி ஊரில் வீடு கட்டும் தம்பிகளே, நமக்கு ஞாபகம் இருக்கும் ஊரில்தான் நாம் ஜன்னல் வைக்கிறோம்.

2006-இல் வந்து சேர்ந்தேன். வளர்மதி பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். அதுவரை மகள் கயல்விழியோடு தாய்வீட்டில் இருந்தாள். கயலுக்கு அப்போது மூன்று வயது. கிரகப்பிரவேசம் முடிந்த நாலாம் நாள் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இடம் மாறியது, தண்ணீர் மாறியது, கண் பட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வளர்மதி ஒரே காரணம்தான் சொன்னாள். "எங்க ஊர்லயும்தான் சர்க்கரை மில்லு இருக்கு மாமா. வெல்ல வாசனை வரும், சோறு எறங்கும். இங்க மூணு மணியானா கொடலப் பொரட்டுது. ஒனக்கு நெசமாலுமே தெரியலயா?" நான் ஜன்னலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் சொன்னார்: "அவளுக்கு இங்க இருக்கப் புடிக்கலடா. மூக்கச் சாக்கு சொல்றா." நான் அதை நம்பினேன். அண்ணன் வார்த்தையையே எடுத்து அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். என் மூன்று வயது மகள் ஒத்து வாழத்தான் பார்த்தாள், அவள் நெஞ்சுதான் ஒத்துக்கொள்ளவில்லை. கடலூரில் காட்டிய டாக்டர், "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "இன்ஹேலர் நான் குடுக்குறேன். ஊர மாத்த என்னால முடியாது." திருவந்திபுரத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டோம். தீர்த்தத்தில் உப்பும் மிளகும் கொட்டினோம். அங்கே மலைப்படிகளில் குழந்தை எங்களை முந்திக்கொண்டு ஓடினாள், ஒரு இழுப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று நான் கண் கலங்கினேன். "சாமியும் நல்ல காத்து உள்ள எடமாப் பாத்துதான் உக்காந்திருக்கு" என்றாள் வளர்மதி. வீடு திரும்பிய அன்று பிற்பகலே இழுப்பு வந்துவிட்டது. அடுத்து என் தொழிலைக் காட்டினேன். ஆசை ஆசையாய் வைத்த மூன்று ஜன்னலுக்கும் விளிம்பு விடாமல் டேப் ஒட்டி, உள்ளே ஏசி மாட்டினேன். மிசின் காற்று வேண்டாம் என்று கடல் தாண்டி வந்தவன், பெற்ற பிள்ளையை மிசின் காற்றில் அடைத்து வைத்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழிக்குஞ்சு மாதிரி அவள் துடித்தாள். பெண்ணாடம் அனுப்பினால் தேறுவாள், திரும்பி வந்தால் படுப்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது.

2008-இல் ஒரு பிற்பகல், குழந்தையின் உதடு நீலம் பூத்துவிட்டது. தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினோம். கடலூர்ப் பக்கம் போக ஒரு வண்டியும் வரவில்லை. எதிர்ப்பக்கம் சிதம்பரம் பஸ் வந்து நின்றது. எது வந்தாலும் சரி என்று ஏறிவிட்டோம். ஆலப்பாக்கம் தாண்டியது. புதுச்சத்திரம் வருவதற்குள் இழுப்பு மெல்ல அடங்கிக் குழந்தை என் தோளில் தூங்கிப்போனாள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை. வாடகைக்கு வீடு தேடினேன். எந்த ஊரில் வாழ்வது என்று மனுஷர்கள் யோசித்து முடிவெடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அதை முதலில் வந்த பஸ் முடிவு செய்தது.

வீட்டுக்காரர் கேட்டார்: "கடலூர்ப் பக்கம்னா ஒரு மணி நேரம்தானே? சொந்த வீடு வேற இருக்குங்கிற. பூட்டிப் போட்டுட்டு எதுக்கு வாடகைக்கு?" நான் குழந்தையின் படிப்பு என்று சொல்லி வைத்தேன். மஸ்கட்டில் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த காரணம் அது. ஒரு மணி நேரத் தூரத்தில் புலம்பெயர்ந்தவனிடம்தான் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். சாமான் எடுக்கப் போனபோது அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். "அப்ப நாங்கல்லாம் மனுசன் இல்லியா? எங்க புள்ளைங்க இங்கதானே வளருது?" அவருடைய சின்ன மகனும் இருமுவான். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

2011 கடைசியில் புயல் வந்தது. அண்ணன் வீட்டுக் கூரை ஷீட் மொத்தமும் பறந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் எல்லாம் கட்டிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் முந்திரியும் சவுக்கும் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் பூட்டைத் திறந்து, ஜன்னல் டேப்பைக் கிழித்துக் காற்றோட்டம் விட்டு, அண்ணன் குடும்பத்தை உள்ளே குடிவைத்தேன். "வாடா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது போதுமாக இருந்தது. மூன்று மணிக்கு வழக்கம்போல எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அண்ணி, "எதுக்குத் தம்பி சாத்துற? கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சிபோச்சி, கம்பெனி ஒண்ணும் ஓடல" என்றார்.

மறுநாளே போய் வளர்மதியையும் கயலையும் கூட்டி வந்தேன். வளர்மதி இன்ஹேலரை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மூன்று மணிக்கு அந்த ஜன்னலில் நின்றாள். காற்று வந்தது. அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். "உப்பு வாசனை மாமா" என்றாள், அழுதாள். எட்டு வயதுக் கயல் பெரியப்பா பிள்ளைகளோடு விழுந்த மரங்களில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள். நான் கட்டிய வீட்டில், நான் நினைத்தபடி, மூன்று ஜன்னலையும் திறந்துபோட்டு நாங்கள் வாழ்ந்தது அந்தப் பத்து நாள்தான்.

ஊர் அந்தப் பத்து நாளும் செத்துப் பிழைத்தது. மோட்டார் ஓடாமல் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடந்தார்கள். வேலை இல்லாமல் அண்ணன் திண்டாடினார். "கரண்டு வந்து கம்பெனி தொறந்தாத்தான்டா சோறு" என்று நாள் முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். அதே வீட்டில், அதே சாமியிடம், இன்னும் ஒரு வாரம் கரண்ட் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட பாவி நான்.

அண்ணியின் வேண்டுதல்தான் பலித்தது. ஒரு நண்பகலில் மின்விசிறி சுற்றியது. தெருவே கூச்சல் போட்டது. மறுநாள் கம்பெனிச் சங்கு ஊதியது. அதற்கும் அடுத்த நாள், அண்ணனும் நானும் கூடத்தில் அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். மூன்று மணி இருக்கும். காற்று உள்ளே வந்தது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாதது அன்று தெரிந்தது. செத்த எலியும் நகப்பூச்சும் கலந்தாற்போல் ஒரு நாற்றம். என் கை மூக்குக்குப் போய்விட்டது.

அண்ணன் உரிப்பதை நிறுத்தினார். "ஒனக்குமாடா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணா. தும்மல் வந்துச்சி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் மூன்று ஜன்னலையும் ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார். உள்ளே கயல் இரும ஆரம்பித்திருந்தாள். வளர்மதி துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தம் வரை அண்ணன் பையைத் தூக்கி வந்தார். கூரை மாற்றியதும் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "வேணாம்ண்ணா, அங்கேயே இரு" என்றேன். அவர் தலையாட்டினார். தூரத்தில் பஸ் தெரிந்ததும், "ஏறுடா. ஒங்க ஊரு பஸ்சு வந்துடுச்சி" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் கயல் இருமிக்கொண்டே இருந்தாள். ஷட்டரைப் பிடித்து இறக்கினேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் அழுத்தினேன். இடைவெளியில் அண்ணன் தெரிந்தார். சின்ன வயதில் நாங்கள் இருவரும் நின்று கத்திய அதே இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இந்த முறை அவர் கத்தவில்லை.