மலைக்கோட்டைக்கு மேலே ஒரு ராக்கெட்

போட்டோ ஸ்டூடியோ வேலையில் ஆளை அழகாக்குவது சுலபம். ஆகாயத்தை உண்டாக்குவதுதான் கஷ்டம். முதலாளி கேட்டதும் யோசிக்காமல் "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் உள்ளங்கை வேர்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது அவர்களுக்காக.

அறுபதுகளில் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் ராக்கெட்தான். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கல்யாண சீசனுக்குக் கடை வாசல் ஷோகேஸில் மாப்பிள்ளை, பெண் பொம்மைகள்; பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு படம். மலைக்கோட்டையிலிருந்து ராக்கெட் கிளம்பி நிலாவுக்குப் போகவேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்கு ஸ்டூடியோவில் வேலை கிடைத்து ஆறு மாதம், கல்யாணமாகி நாலு மாதம். ஸ்டூடியோ முதலாளி அதையெல்லாம் யோசிக்கிறவர் இல்லை. "வெள்ளிக்கிழமை காலையில அந்தப் படம் கடையில இருக்கணும். இல்லேன்னா நீ இங்க இருக்க வேண்டாம்."

ராக்கெட்

மூன்று பேட்டரி போடும் வெள்ளை டார்ச் ஒன்று ஸ்டூடியோ அலமாரியில் கிடந்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு பம்பரத்தை ஆணி மேலே இருக்கும்படி ஒட்டினேன். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி இறக்கை வைத்தேன். கறுப்புத் துணிக்கு முன்னால் நூலில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் விளக்குப் போட்டேன். அசல் ராக்கெட்!

முதலாளி வந்தார். இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் சொன்னார்: "ராக்கெட் பிரமாதம். என் டார்ச்சைத்தான் நாலு நாளா காணோம்."

பஸ்ஸில் வந்த நிலா

நிலாவை வரைந்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பௌதிகப் பேராசிரியர் டெலஸ்கோப் வழியாக எடுத்த கண்ணாடி நெகடிவ் வைத்திருந்தார். வளர்பிறை தசமி நிலா, பள்ளம் பள்ளமாக அவ்வளவு துல்லியம். கெஞ்சிக் கேட்டதில் கொடுத்தார். "மருந்து பூசின பக்கத்துல நகம்கூடப் படப்படாது. இதுக்கு நகல் கிடையாது, கேட்டேளா?" என்று மூன்று தடவை சொன்னார். அந்தக் குரல் அப்புறம் என் காதை விட்டுப் போகவே இல்லை.

திரும்பி வர, முசிறியிலிருந்து வந்த பஸ்தான் கிடைத்தது. உள்ளே பாதி ஜனம், பாதி வாழைத்தார். காகிதத்தில் சுற்றிய கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். காவிரிப் பாலத்தில் பிரேக் போட்டபோது ஒரு வாழைத்தாரின் காம்பு நேராக நெகடிவை நோக்கி வந்தது. நான் "ஐயோ, நிலா!" என்று கத்திவிட்டேன். தாருக்குச் சொந்தக்காரர் காகிதப் பொட்டலத்தையும் என் முகத்தையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்தார். "நெசமாவே நிலாவா? அப்ப நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன்."

கொடி

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகடிவை வைக்கும்போது மருந்துப் பக்கம் கீழே இருக்கவேண்டும். கீழே வைத்தால் கீறிவிடுமோ என்று பேராசிரியரை நினைத்துப் பயந்தேன். அந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிரிண்ட் போட்டேன். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி இடத்தை நிலாவே அடைத்துக்கொள்ள, பெரிய தாள்களை ஒட்டி ஆகாயம் தயாரானது. ராக்கெட்டையும், காவிரிப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கோட்டையையும் கத்தரித்து அதன்மேல் ஒட்டினேன். எங்கள் டச்சப் கலைஞர் ரசாக் பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ராக்கெட் தொங்கிய நூல் வெள்ளைக் கோடாகப் படத்தில் விழுந்திருந்தது. தூரிகையை எடுத்தபடியே கேட்டார்: "ஆகாசத்துல துணி காயப்போட யாரு தம்பி கொடி கட்டுனது?"

தேய்பிறை

வியாழக்கிழமை மத்தியானம் படத்தை ஷோகேஸில் நிறுத்தினோம். கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் சிரித்தார், முதலாளி சிரித்தார், நானும் ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

மகளுக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வந்திருந்த தொட்டியத்து அம்மாள் ஒருவர் மட்டும் படியேறாமல் நின்றார். "ஆத்துப் பக்கமா நின்னு மலையைப் பாத்தா வலக்கைப் பக்கம் மேற்கு. வளர்பிறையில மேற்கால வெளிச்சம் இருக்கணும். இது கெழக்கால இருக்கே" என்றார். கூட்டம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. முதலாளி என்னைப் பார்த்தார். அம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னார்: "தேய்பிறையைப் பாத்துக்கிட்டு முகூர்த்தப் புடவை எடுக்க முடியாதுங்க. நாளைக்கு வரோம்."

மலை

கண்ணாடி நெகடிவைப் புரட்டி வைத்ததால் நிலா இடம் வலமாக மாறிவிட்டது. மறுபடி பிரிண்ட் போடப் பெரிய தாள் இல்லை. மெட்ராஸிலிருந்து வர மூன்று நாள் ஆகும். இருட்டறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அழுதேன், மறைப்பானேன்! வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

ரசாக் பாய் கதவைத் தட்டினார். "நிலாவைத் திருப்ப முடியாது. மலையைத் திருப்பலாம்ல?" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மலைக்குத் தெற்கே, ரயில் ஜங்ஷன் பக்கமிருந்து பார்த்தால் மேற்கு இடக்கைப் பக்கம் வந்துவிடும்! அந்தப் பக்கமிருந்து எடுத்த மலைக்கோட்டை நெகடிவ் எங்களிடம் இருந்தது. அதற்குச் சின்னத் தாள் போதும். பழைய மலையைப் பிய்த்துப் புதிய மலையை ஒட்டி முடித்தபோது கடையில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் வந்தார். முதலாளி என் பக்கத்திலேயே நின்றார். அம்மாள் மலையைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார், கையை நீட்டித் திசையைச் சரிபார்த்தார். பிறகு மகளைப் படியேற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: "நேத்து தேய்பிறை, இன்னைக்கு வளர்பிறை. நடுவுல அமாவாசை எங்க தம்பி போச்சு?"

அந்த அமாவாசையை நான் முந்தின நாளே இருட்டறையில் தாழ் போட்டுக்கொண்டு தனியாக அனுபவித்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?