நாலு விரல் இடைவெளி

பட்டறைக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு யார் வந்தாலும் அவர் வந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகச் சக்கரத்திடம் போய்க் குந்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலது கையை நுழைக்கிறார். கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் உள்ளே போக வேண்டும். போனால் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்பார். போகாவிட்டால் ஒரு பெருமூச்சு விட்டு, "யாரு செஞ்சா இத?" என்று டயரிடம் கேட்பார்.

இதனால் அவருக்கு 'நாலு விரல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ விபத்துக் கதை இருக்கும் என்று அவர் கையை ஓரக்கண்ணால் எண்ணுவார்கள். ஐந்தும் பத்திரமாக இருப்பதைக் கண்டு சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். வீட்டிலும் அவர் கை சும்மா இருப்பதில்லை. பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலை எடுப்பார். "அது எங்கயும் போகாதுங்க, நின்ன எடத்துலயே நிக்கிற சாமான்" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

காட்டுப்பாதைக்குப் போகிற டிரெய்லர்களுக்குப் பெரிய டயர் மாட்டுவதுதான் அவருடைய தொழில். மாட்டுவது பெரிய காரியமில்லை, யாரும் மாட்டலாம் என்பார். "நிக்கும்போது எல்லா டயரும் நல்ல டயர்தான். சுமைய ஏத்திப் பள்ளத்துல விடுங்க, அப்பத் தெரியும் யாரு யாரக் கடிக்கிறான்னு." இதற்கு அவரிடம் ஒரு சோதனை உண்டு. மட்கார்டின் உட்புறத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டி, டிரெய்லரில் சுமையை ஏற்றிக் குலுக்குவார். டயர் மேலே வந்து களிமண்ணை நசுக்கும். நசுங்கியது போக மிச்சம் எத்தனை விரல் என்று பார்ப்பார். குலுக்கும்போது இரண்டு விரல் கனமாவது மிஞ்சவேண்டும். அந்தக் கணக்கில் அவர் மனிதர்களை நம்புவதே இல்லை. "மனுஷன் வாயால சொல்வான். ஸ்பிரிங் அமுங்கிக் காட்டும்."

சென்ற மாதம் தேனீ வளர்க்கும் அம்மாள் ஒருத்தி வந்தாள். முன்பு வேறெங்கோ பெரிய டயர் மாட்டிக்கொண்டு, இருபது தேனீப் பெட்டிகளோடு மலைப்பாதை ஏறியிருக்கிறாள். பாதி வழியில் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் புகைந்தது. புகை பெட்டிக்குள் போய், தேனீக்கள் வெளியே வந்துவிட்டன.

"எனக்கு ஒம்பது எடத்துல கொட்டுச்சு அண்ணே. எங்க வீட்டுக்காரருக்குக் காதுல. அதுலேர்ந்து நான் சொல்றது எதுவும் கேக்கலைங்கறார்."

"முன்னாடி கேட்டாரா?"

"அப்பவும் இல்ல. இப்பக் காரணம் கெடச்சிருக்கு."

மலையில் பூ விட்டாயிற்று. சனிக்கிழமைக்குள் பெட்டிகள் மேலே போகாவிட்டால் அந்த வருஷத்துத் தேன் அவ்வளவுதான். அவர் குனிந்து பார்த்தார். மட்கார்டின் உட்புறம் கண்ணாடி மாதிரித் தேய்ந்து பளபளத்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் வால் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு டயரில் வாய்க்கால் வெட்டியிருந்தது. "இத மாட்டுனவன் என்ன சொன்னான்?"

"கொஞ்சம் தொடும், தேஞ்சு தேஞ்சு தானா சரியாயிடும்னார்."

அவர் அந்த வாய்க்காலில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு பொட்டி எவ்வளவு கனம்?" என்றார். முப்பது கிலோ என்றாள்.

இரண்டு நாள் வேலை நடந்தது. வெட்டுப்பட்ட டயர்களைக் கழற்றி எறிந்துவிட்டு அதே அளவில் புதிது போட்டார். போல்ட்டுகளைத் தலைகீழாகத் திருப்பி வால் வெளியே இருக்கும்படி பூட்டினார். மட்கார்டின் கூர்மையான ஓரத்தை மடக்கித் தட்டினார். அதன் தாங்கிகளை வெட்டி, இன்னும் உயரத்தில் வைத்துப் பற்றவைத்தார். நாலு விரலும் நன்றாகப் போயின. களிமண் ஒட்டி, சுமை ஏற்றும் கட்டம் வந்தது.

அறுநூறு கிலோ வேண்டும். பட்டறையில் கிடந்த இரும்பையெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கியும் நானூற்று நாற்பதுதான் தேறியது. பக்கத்து சலூன்காரரைக் கூப்பிட்டார். எண்பது கிலோ ஆள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். இன்னும் எண்பது தேவை. அந்நேரம் சாப்பாட்டுக் கேரியரோடு மனைவியும், அவள் பின்னால் மச்சானும் வந்தார்கள்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டாக்டர் மிரட்டியதால் நாலு மாதமாகப் பத்தியம். அக்காதான் அளந்து அளந்து போடுகிறாள். தொண்ணூற்றெட்டிலிருந்து எண்பதுக்கு வந்துவிட்டதாக அவன் சொல்ல, அவள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"மச்சான், எண்பதுதானே? எடது பக்கம் ஏறு."

"எண்பதுகூட இல்ல மாமா. காலைல பாத்தேன், எழுபத்தொம்பது."

வலது ஓரத்தில் சலூன்காரர், இடது ஓரத்தில் மச்சான். அவர் கீழே படுத்துக்கொண்டு, "குதிங்க" என்றார். இருவரும் குதித்தார்கள். இரும்பு குலுங்கியது. நுரை மனிதர் தாளம் பிசகாமல் எண்ணினார்.

வலது பக்கக் களிமண் இரண்டு விரல் கனத்தில் நின்றது. இடது பக்கத்தில் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஆட்களை இறக்கி, புதுக் களிமண் வைத்து, பக்கம் மாறி ஏறச் சொன்னார். இப்போது மச்சான் நின்ற வலது பக்கம் அப்பளமாயிற்று.

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பினார். டிரெய்லரின் அடியிலிருந்து பார்த்தால் மச்சானின் செருப்பும், அதற்குப் பக்கத்தில் மனைவியின் செருப்பும் தெரிந்தன. மச்சானின் கால் கட்டைவிரல் மட்டும் பதற்றமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஸ்பிரிங்கு சரியில்ல" என்றார் அவர், அடியிலிருந்தே. "ரெண்டுமே கொஞ்சம் தளந்திருக்கு. மட்கார்ட இன்னும் ஒரு விரல் தூக்கிடறேன்."

சலூன்காரர் வாயைத் திறந்தார். அடியிலிருந்து வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பற்றவைத்த தாங்கிகள் நாலையும் மறுபடி வெட்டி, மறுபடி பற்றவைக்க அந்த மத்தியானம் முழுக்கப் போயிற்று. மச்சான் கூப்பிடாமலேயே கூடமாட நின்று உதவினான். சாப்பாட்டுக் கேரியர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் தேனீ அம்மாள் பட்டறைக்கு வந்தாள். ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் டிரெய்லர் மலை ஏறிவிட்டதாம். "ஒன்னு சொல்லணும் அண்ணே. நான் சொன்ன முப்பது கிலோ, தேன் எடுத்த பொட்டிக் கணக்கு. பழைய தேன் எடுக்காம ஏத்திட்டேன். எடை போட்டுப் பாத்தா ஒவ்வொன்னும் முப்பத்தஞ்சுக்கு மேல. நீங்க அந்த ஒரு விரல் கூட வெக்கலன்னா மறுபடியும் காதுலதான்."

மனைவியும் அங்கே இருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஸ்பிரிங்கு தளந்திருக்குன்னு சொன்னீங்களே. அத மாத்தவே இல்லியா? அதே ஸ்பிரிங்கா இவ்வளவு கனத்தத் தாங்குச்சு?"

அவர் ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டி, கறுப்புக் கண்ணாடியை முகத்தின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார். பற்றவைக்க எதிரில் ஒன்றும் இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை.