தெருக்குத்து வீட்டுக்குக் கேட்ட கடன்

வங்கியிலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை நம்பியிருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். வீட்டுக்கடனுக்கு எனக்கு முன் ஒப்புதல் அளித்திருப்பதாக முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ இருந்தது. நான் கல்லூரி நூலகர். அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் படிப்பவன் என்று பெயரெடுத்தவன். சொந்த விஷயம் என்றதும் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

அவசரம் அப்படி. சிம்மக்கல்லில் ஒரு பழமண்டிக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். மண்டிக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை பிறந்தால் மாடி புதுத் தம்பதிக்கு. "தைக்குள்ள பாத்துக்கங்க சார்" என்று நான் படியேறும்போதெல்லாம் சொல்வார். இறங்கும்போதும் சொல்வார்.

வண்டியூரில், தெப்பக்குளத்தைத் தாண்டி, ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அறை, ஒரு கொய்யா மரம். மனைவி கொய்யா மரத்தடியில் நின்று துணிக்கொடி எங்கே கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கியபோதே வீடு முடிவாகிவிட்டது. விலை எங்களுக்கு எட்டியதற்கு ஒரே காரணம் தெருக்குத்து. நேராக ஓடிவரும் தெரு அந்த வாசலில் வந்து முட்டி நிற்கும். அப்படிப்பட்ட வீடு ஆளைச் சாய்த்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அது கிடையாது. பகுத்தறிவால் ஒரு லாபம் உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முன்பணம் கொடுத்து, கார்த்திகைக்குள் கிரயம் என்று ஒப்பந்தம் எழுதினோம்.

வீட்டை மதிப்பிட என்ஜினியர் வருவார் என்றது வங்கி. வரவில்லை. நூலகத்தில் தொலைபேசி கிடையாது. முதல்வர் அறையில்தான் இருந்தது. அந்த அறை வாசலில் நான் உலாத்திய உலாத்தலில், பதவி உயர்வுக்கு அலைகிறேன் என்று பேச்சே கிளம்பிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து, யாராவது படியேறுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் மனைவியின் அண்ணன் நுழைந்தார்.

"மாப்ள, தெருக்குத்துக்கு எதுக்க பிள்ளையார வைக்காம விட்டா கடன் எப்படி வரும்? தடங்கல் வாசல்லயே நிக்குதுல்ல?"

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல மச்சான்."

"ஒங்களுக்கு இல்லாட்டி என்ன? பேங்க்காரனுக்கு இருக்கும்ல?"

வீடு இன்னும் நம்முடையது இல்லையே என்று நழுவப் பார்த்தேன். வீட்டை விற்பவரும் "தாராளமா வைங்க, கைமாறப் போற வீடுதான" என்றுவிட்டார். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மச்சான் கோணிச்சாக்கிலிருந்து ஒரு கல் பிள்ளையாரை இறக்கினார். எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"பிள்ளையார எடுத்த எடத்தக் கேக்கக் கூடாது மாப்ள."

சுற்றுச்சுவரில் மாடம் கட்டி, தெருவைப் பார்த்து உட்கார்த்தினோம்.

அந்தத் தெருவில் அதுவரை கோயில் கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த முறை போனபோது அகல்விளக்கு எரிந்தது. அதற்கடுத்த முறை தகரக் கூரை. அப்புறம் ஆட்டோக்காரர்கள் உண்டியல் வைத்தார்கள். இது எங்கே போய் முடியுமோ என்றேன். மச்சானுக்கோ பெருமை தாங்கவில்லை. "எம்புட்டுக் கூட்டம் பாத்தீங்களா!"

ஒருவழியாக என்ஜினியர் வந்தார், சங்கடஹர சதுர்த்தி சாயங்காலம். கூட்டத்தில் கேட்டைத் திறக்க முடியாமல், பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக அவரை அழைத்துப் போனேன். அளவுநாடாவின் மறுமுனையை நானே பிடித்தேன். திரும்பும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார், விபூதி பூசிக்கொண்டார், சுண்டலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். இரண்டு தடவை சுண்டல் வாங்கியவர் எதிராக எழுதமாட்டார் என்று நம்பி, அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

வங்கி மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"சார், ஒங்க மேல ஒரு குறையும் இல்ல. சம்பளம் சரி, வயசு சரி. ஆனா முன் ஒப்புதல் ஒங்களுக்குத்தான் குடுத்தோம். வீட்டுக்குக் குடுக்கல."

பொடி எழுத்தில் இருந்தது அதுதான்.

"வீட்டுக்கு என்ன சார்?"

"முன்வாசல்ல பொதுக்கோயில்னு என்ஜினியர் எழுதிட்டாரு. வக்கீல் ஒத்துக்க மாட்டேங்குறாரு. நாளைக்கு நீங்க கட்டலைன்னா வீட்ட ஏலம் போடணும். பிள்ளையார எப்படி சார் ஏலம் விடுறது?"

"அவர எடுத்துட்டா?"

மேலாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நான் சொன்னதா வெளிய சொல்லிராதீங்க."

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தனியாகப் போனேன். மாடத்தின் முன்னால் ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான இவர வச்சது? நல்லாயிருப்பீங்க. நாலு வருசமா அமையாத வரன், எம் மகளுக்கு அமைஞ்சிருச்சு." துண்டைப் பார்த்தார். "அது என்ன, கரும்பா?"

"ஆமா" என்றேன். மேற்கொண்டு கேட்பதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன்.

கார்த்திகை முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு விற்பவரிடம் போனேன். முன்பணத்தை அப்படியே திருப்பி நீட்டினார், நல்ல மனுஷர். அவகாசம் மட்டும் தரவில்லை. "இப்ப தெருக்குத்து தீந்துருச்சுல்ல சார், அந்த வெலைக்கு எப்படித் தர முடியும்?" என்றார். ரொக்கத்தோடு ஒரு மிளகாய் வியாபாரி வந்து வாங்கிவிட்டார்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சினோம். அதற்கு முன், வாடகை வீடு தேடி ஒருநாள் வண்டியூர் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது, தெருக்கோடியில் பிள்ளையார் மாடத்தில் சீரியல் விளக்கு மின்னியது. மனைவி அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்காவது வீடு அமைஞ்சுச்சே" என்றாள்.

நான் அடுத்த நிறுத்தத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டேன்.