ட்ரெய்லருக்கு எர்த் கிடைத்த நாள்

என் கணவர் ஏணியிலிருந்து வழுக்கி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட மூன்றாவது வாரம் அது. ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் எங்களுக்கு ஒரு சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்னுடையது: ஹாரன் பிரிப்பது, ஒயருக்குச் சால்டர் வைப்பது. வண்டிக்கு அடியில் புகுந்து செய்வதெல்லாம் அவர்தான். அவர் கை மாவுக்கட்டில் இருந்ததால் வேலை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

காலை பத்து மணிக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். சொந்த ட்ரெய்லரைத் தானே ஓட்டுகிறவர். வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு, எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில், பின் விளக்குகள் சரியில்லை என்று இன்ஸ்பெக்டர் திருப்பிவிட்டாராம். மூன்று மணிக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் பார்ப்பார். இல்லையென்றால் வேறு நாள் வாங்க வேண்டும். அதுவரை லோடு ஏற்ற முடியாது.

"பல்பு, ஃப்யூஸ் எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. அண்ணனுக்கு முடியாதுன்னு தெரியும். வேற யாரையாவது சொல்லிவிடுங்க அக்கா."

குரல் உடைந்திருந்தது. சொல்லிவிட எனக்கும் ஆள் தெரியவில்லை. டெஸ்ட் லாம்பையும் ஸ்பேனர்களையும் பையில் போட்டேன்.

"ட்ரெய்லராக்கும். ஸ்கூட்டர் இல்ல," என்றார் என் கணவர்.

"தெரியும். நீங்களும் வாங்க. நின்னு சொல்லுங்க, நான் செய்யுதேன்."

முகம் சுளித்தாலும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார்.

பைபாஸ் ஓரத்தில், புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது வண்டி. விளக்கைப் போடச் சொன்னேன். பின்னால் மங்கலாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் அதுவும் அடங்கியது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து சிமிட்டியது.

"கேபிள் போச்சு," என்றார் கணவர். எஞ்சின் இருக்கிற முன்வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கிற சுருள் கேபிள். டிரைவரிடம் இன்னொன்று இருந்தது. மாற்றினோம். அப்படியேதான்.

"அப்போ உள்ளே ஒயரு ஒண்ணோடொண்ணு சேர்ந்திருக்கு. புதுசா இழுக்கணும்."

முழு ட்ரெய்லருக்கும் ஒயர் இழுத்தால் சாயங்காலம் ஆகிவிடும். டிரைவர் டயரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு ஏன் வந்தோம் என்றிருந்தது.

பிறகு ஒன்று தோன்றியது. மேசையில் ஹாரன் சோதிக்கும்போது எர்த் கிளிப் பெயிண்டின் மேல் உட்கார்ந்தால் ஹாரன் இப்படித்தான் முனகும். கரண்ட் போகும், திரும்பி வர வழியிருக்காது. நீளமாக ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் கட்டினேன். மறு முனையை ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில், சேஸிஸில், பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டி அழுத்திப் பிடித்தேன்.

"மிதிங்க!"

பின்னாலிருந்து கணவர் கத்தினார். "எரியுது! ரெண்டும் எரியுது!"

அடியில் படுத்து எர்த் ஒயரைத் தேடினேன். கேபிள் செருகும் இடத்துக்குப் பின்னால், சேஸிஸில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. சுற்றிலும் புதுப் பெயிண்ட்.

"இந்த போல்ட்டைக் கழத்துனீங்களா?"

"ஆமாக்கா. இன்ஸ்பெக்டர் பாக்க அழகா இருக்கட்டும்னு எல்லாத்தையும் கழத்தித்தான் பெயிண்ட் அடிச்சோம்."

பெயிண்டின் மேலேயே ஒயரை வைத்து முறுக்கியிருந்தார்கள். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். கணவர் ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"நானா இருந்தா ஒயரை இழுத்திருப்பேன்."

சோதனை நடக்கும் மைதானத்துக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டரைக்கு டிரைவர் காகிதத்தை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். சந்தோஷத்தில் பேச்சு பாதி மலையாளமாகிவிட்டது.

"பாஸாயி அக்கா! இப்போ எங்ஙனே செரியாயின்னு சார் கேட்டார். ஒரு சேச்சிதான் செய்ததுன்னு சொன்னேன்!"

சிரித்தேன். கண்ணும் கலங்கியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க்கடையில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வாங்கி, மறுபடியும் ஒரு தட்டு கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் தரையில் படுத்தேன். எழுந்தபோது வெயில் போயிருந்தது. கணவர் இடது கையால் பால் விடாமல் போட்ட கட்டஞ்சாயா பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது.