கோவளத்தில் பக்கத்தாத்து அங்கிள்

நாற்பத்தெட்டு வயதில் ஸ்கேட்போர்டு வாங்கிக்கொண்டு வந்தவனை என் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "சர்க்கரை இருக்கு, இடுப்பு வலி இருக்கு. இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள். நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிளஸ் டூ படிக்கும் எங்கள் பெண் என்னோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். சண்டை ஒன்றும் கிடையாது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தன் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து கோவளத்துக்குப் போய்விடுவாள். அங்கே சிரித்துச் சிரித்துப் பேசுவாளாம். அதில் நாலு வார்த்தை எனக்கும் கிடைக்காதா என்ற பேராசைதான்.

விஷயம் தெரிந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"வரதுன்னா வா. ஆனா அங்க வந்து என்னை மோளேன்னு விளிக்கப்டாது. ஆரு கேட்டாலும் பக்கத்தாத்து அங்கிள்னு சொல்லணும், கேட்டியா?"

மகளே என்று கூப்பிடமாட்டேன் என்று தலையாட்டினேன். வலிக்கத்தான் செய்தது.

பழகுவதற்கு இடம் தேடி அலைந்தது தனிக்கூத்து. எங்கள் தெருவில் முடியாது, கோயிலுக்குப் போகிற மாமிகள் ஒருத்தர் விடாமல் நின்று பார்ப்பார்கள். சங்குமுகம் நடைபாதையில் காவலாளி விரட்டினார். விழிஞ்ஞம் பக்கத்துப் புதுச் சாலை வழவழவென்றிருந்தது, ஆனால் பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபோது நான் போர்டை விட்டுவிட்டு ஓடினேன். கடைசியில் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றேன்.

கோவளத்தில் ஒரு விடுதிக்குப் பின்னால் சிமெண்டில் இழைத்த பெரிய பள்ளம் இருக்கிறது. தண்ணீர் இல்லாத நீச்சல் குளம் மாதிரி. பௌல் என்பார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், ஐடி கம்பெனிக்காரர்கள், வெயிலில் சிவந்த ஓரிரு வெள்ளைக்காரர்கள், எல்லோரும் அதன் விளிம்பில் நிற்பார்கள். ஒருவர் இறங்கிச் சுற்றி ஏறியதும் அடுத்தவர் இறங்குவார். வரிசை கிடையாது, பெயர் கூப்பிடுவது கிடையாது.

இருபத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இது பொறுக்குமா? இரண்டாவது ஞாயிறே காகிதத்தைக் கிழித்து, ஒன்று, இரண்டு என்று எழுதி எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், பாவம். என் பெண் மட்டும் தன் டோக்கனை வாயில் போட்டு மென்றாள்.

பக்கத்து ஓட்டலில் பரிமாறுகிற நாகர்கோவில்காரர் ஒருவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணாச்சி, சீட்டெல்லாம் வேண்டாம். போர்டு வாலை விளிம்புல வச்சு மிதிச்சு நின்னா, அடுத்தது நானுன்னு அர்த்தம். எதிர்ல நிக்கிற ஆளு கண்ணைப் பாக்கணும். அவ்வளவுதான்லா."

அவர் சொன்னது புரிந்தது. ஆனால் பழக்கம் விடுமா? போர்டை வைத்து நிற்பேன். எதிரில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் என் கை தானாக நீளும்: "நீங்க போங்க." அவர் போவார். அடுத்தவர் பார்ப்பார். "பரவாயில்லை, நீங்க." கல்யாணப் பந்தியில் ஊரையெல்லாம் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் ரசம் மட்டும் கிடைத்தவன் மாதிரி, ஒரு காலை முழுக்க ஒருமுறைகூட இறங்காமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் எதிரே நின்றது என் பெண். இருவர் போர்டும் விளிம்பில். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "போ" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்தால் என்ன செய்வேன்? "நீ போ" என்று கையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். சுற்றி நின்றவர்கள் டென்னிஸ் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். அவளுக்குப் பொறுமை போய் இறங்கினாள். இனியும் மறுத்தால் மரியாதையில்லை என்று அதே நொடியில் நானும் இறங்கினேன்.

பள்ளத்தின் நடுவில் மோதினோம். அவள் முழங்கால் கவசத்தில் சறுக்கி எழுந்துவிட்டாள். நான் மல்லாந்து கிடந்தேன். ஹெல்மெட் சிமெண்டில் மோதிய சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். காலடிகள் ஓடிவந்தன.

"அண்ணாச்சி வீட்டு நம்பர் யாருட்டயாவது இருக்கா? இந்த அங்கிள் யாரு, எங்க உள்ளவரு?" நாகர்கோவில்காரரின் குரல் பதறியது.

 என் பெண்ணின் குரல் உடைந்து வந்தது. அழுகையும் அவளுக்குப் பள்ளிக்கூடத்து மலையாளத்தில்தான் வந்தது.

"அங்கிளல்ல. என்டெ அச்சனா. என்டெ அச்சனா இது."

என் அப்பா என்று, அத்தனை பேர் முன்னாலும். சூடாக ஒரு சொட்டு என் கன்னத்தில் விழுந்தது. மெதுவாகக் கால்விரலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. கை, கழுத்து, இடுப்பு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கால்சட்டை கிழிந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து அந்தக் குழந்தையின் பயத்தைத் தீர்த்திருக்கலாம். எந்த அப்பனும் அதைத்தான் செய்திருப்பான்.

இன்னொரு தடவை சொல்லட்டும் என்று, கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன்.