ஜமீலா ஆன்ட்டியின் பல்செட்

பல் கிளினிக்கில் நர்ஸாகக் குப்பை கொட்டுகிறவர்களே, சொல்லுங்கள்: "ஒழுங்கா சுத்தம் செய்றீங்களா?" என்று கேட்டு, என்றைக்காவது நமக்கு உண்மையான பதில் கிடைத்திருக்கிறதா?

கூட்டுக் களவாணிகள்

சிங்கப்பூரின் பிடோக்கிலிருந்து எங்கள் தேக்கா கிளினிக்குக்கு வருகிறவர் ஜமீலா ஆன்ட்டி. மேல் பல்செட்டைக் கழற்றினால் அண்ணம் முழுக்க ஒரே சிவப்பு. மிளகாய்ச் சம்பலை வாயில் வைக்க முடியவில்லை என்று கண் கலங்கினார். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பினோம். இரண்டே வாரத்தில் அதே புண்ணோடு வந்து நின்றார்.

"பூஞ்சை மட்டும் இல்ல ஆன்ட்டி, பாக்டீரியாவும் கூட்டு" என்றார் டாக்டர். "அது பல்செட்டுல பிசுபிசுன்னு படலம் கட்டும், பூஞ்சை அதுல ஒட்டிக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சோறு போட்டு வளர்க்கும். மருந்து உள்ள இறங்காது. நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, தூங்கும்போது கழட்டி வைங்க."

டாக்டர் நகர்ந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுவுறேன்மா, கழட்ட மட்டும் சொல்லாத. என் வீட்டுக்காரர் என்னைப் பல்லில்லாம பார்த்ததே இல்ல லா."

இல்லாத பல்வலி

மறுவாரம் ஆன்ட்டியின் கணவர் தனியாக வந்தார். பல்வலியாம். எந்தப் பல் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அவளுக்குக் கஞ்சிகூட இறங்கலம்மா. பல்செட்டோடயே தூங்குறாளே, அதனாலயா?" என்றார். நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாதே! நான் கருவிகளை அடுக்க ஆரம்பித்தேன். என் மூஞ்சியே சொல்லிவிட்டது போல.

அங்கிள் எழுந்துகொண்டார். "பல்லில்லாம நான் பார்த்துட்டா அவ கூசிப்போயிடுவா. முதுகுவலின்னு சொல்லி ஹால்ல தரையில படுத்துக்கிறேன், அவ நிம்மதியா கழட்டி வைக்கட்டும். நீ காட்டிக்கொடுத்துடாதம்மா."

புண் ஆறியது

அடுத்த மாதம் ஆன்ட்டி வாயைத் திறந்தார். புண் இருந்த சுவடே இல்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எப்படி ஆன்ட்டி?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"அந்த மனுஷன் நடிச்சது எனக்குத் தெரியாதா? தரையில படுத்துப் படுத்து இப்ப நெசமாவே முதுகு பிடிச்சிருக்கு. மனசு கேட்கல, பல்லை டம்ளர்ல போட்டுட்டு உள்ள கூப்பிட்டேன். என் பொக்கை வாயைப் பார்த்துட்டு, 'இதுக்கா நான் ஒரு மாசம் தரையில கிடந்தேன்?'ங்குறாரு லா!"

ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நம் வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வதுதானே, நம்முடைய வேலை!